மாமனார் கொடுத்த சாவி

சாவியின் தலை மாப்பிள்ளையின் கையில் இருந்தது. மீதி காரின் கதவுப் பூட்டுக்குள் இருந்தது.

சுற்றுமுற்றும் பார்த்தார். நல்லவேளை, ஷெட்டில் யாரும் இல்லை. மாமனார் வீட்டுக்குள் பகல் தூக்கத்தில் இருந்தார்.

மாமனாரின் வயதை ஒத்த கார் அது. பெற்ற மகனைக்கூட அதன் பக்கம் அண்ட விட்டதில்லை. அப்படிப்பட்டவர் மகளின் நச்சரிப்பு தாங்காமல், சாப்பிட்ட கையோடு சாவியை எடுத்து நீட்டியிருந்தார்.

"பழைய பூட்டு மாப்பிள்ளை. திரும்பலைன்னா விட்டுடுங்க. பரவாயில்லை."

மாப்பிள்ளையால் அப்படி விட முடியவில்லை. இந்த வீட்டில் அவர் உட்கார்ந்த நாற்காலி உடைந்திருக்கிறது, தொட்ட ரேடியோ ஊமையாகியிருக்கிறது. இப்போது "திரும்பலை மாமா" என்று வேறு போய் நிற்க வெட்கமாக இருந்தது. குறடு வைத்துத் திருகினார். வெட்கம் போய் மானமே போகும் நிலை வந்தது.

ஹேர்பின்னை விட்டு நெம்பினார். துண்டு இன்னும் உள்ளே போனது. கையில் இருந்த சாவித் தலையில் பசை தடவி, உள்ளே இருந்த துண்டோடு ஒட்டி இழுத்துப் பார்த்தார். பசை வழிந்து பூட்டின் வாயே அடைத்துக்கொண்டது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "இன்னுமா கிளம்பலை?"

"பூட்டுக்கு எண்ணெய் போடறேன்."

"பார்த்து. அப்பா உங்களை நம்பிக் கொடுத்திருக்கார்."

அவள் திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

பின்வாசல் வழியாகச் சாவிக்காரரை வரவழைத்தார். அவர் கண்ணாடி இடுக்கில் கம்பியை விட்டுக் கதவைத் திறந்து, பூட்டைக் கழற்றி, துண்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"சார், இந்தச் சாவியைப் பார்த்தா..."

"சத்தம் போடாதீங்க! மாமா எழுந்துடுவார். புதுசா ஒண்ணு போடுங்க."

"பூட்டுக்கு உள்ளே இருக்கிற தகடெல்லாம் மாத்தணும். ஸ்டார்ட் பண்ற இடத்துலயும் இதே சாவிதான், அதையும் மாத்தணும்."

"மாத்துங்க!"

"பேட்டரியும் செத்துக் கிடக்கு சார்."

"அதையும் நான்தான் கொன்னேனா?" மாப்பிள்ளைக்கு அழுகையே வந்துவிட்டது.

வேலை முடிந்தது. புதுச் சாவி பளபளவென்று மின்னி மாப்பிள்ளையைக் காட்டிக்கொடுக்கப் பார்த்தது. தரையில் தேய்த்தார். கறுப்பு ஷூ பாலிஷ் பூசினார். தடயம் எதுவும் இருக்கக் கூடாதென்று ஒடிந்த சாவியின் இரண்டு துண்டுகளையும் சாக்கடையில் போட்டார். சாவிக்காரர் பின்வாசலைத் தாண்டவும் மாமனார் கொட்டாவி விட்டபடி ஷெட்டுக்குள் வரவும் சரியாக இருந்தது.

"என்ன மாப்பிள்ளை, திரும்பலையா? நான்தான் சொன்னேனே, விடுங்க."

"திரும்புது மாமா."

மாமனாரின் கொட்டாவி பாதியில் நின்றது. சாவியை வாங்கிப் பூட்டில் விட்டுத் திருப்பினார். வெண்ணெயில் இறங்கியதுபோல் திரும்பியது. மூடினார், மறுபடியும் திறந்தார். அவர் விரலெல்லாம் கறுப்பு.

"இது... நான் கொடுத்த சாவியா?"

"அதேதான் மாமா."

சொல்லிவிட்டு மாப்பிள்ளை கூனிக் குறுகிப் போனார். வாழ்க்கையில் முதல்முறை தன்னை நம்பிய மனிதரிடம், கண்ணைப் பார்த்தே பொய் சொல்லியாகிவிட்டது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நிமிர்ந்தார். விசித்திரம், மாமனாரும் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அவருக்குக் காதெல்லாம் சிவந்திருந்தது.

"எ... எப்படித் திறந்தீங்க?"

"பொறுமையாத் திருப்பினேன், அவ்வளவுதான் மாமா."

அப்போது மாமியார் சாவிக்கொத்தோடு பரபரவென்று வந்து, இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கார் சாவி தொலைஞ்சு ரெண்டு வருஷமாச்சுன்னு சொல்ல வெட்கப்பட்டுக்கிட்டு, இவர் என் பீரோ சாவியைத் தூக்கி உங்ககிட்ட கொடுத்திருக்கார் மாப்பிள்ளை, அதைக் கொஞ்சம் திருப்பிக் கொடுங்க!"