கருந்திரை போட்ட வட்டம்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட நானே சொல்லிவிட்டால் கொஞ்சமாவது மரியாதை மிஞ்சும். சிம்மக்கல்லில் ஒரு மாடியில் வீட்டு பிளான் போட்டுக் கொடுக்கும் ஆபீஸ் வைத்திருக்கிறேன். பெயருக்குப் பின்னால் பி.இ. என்று போட்டுக்கொள்கிறேன். அப்படிப்பட்ட நான், எவனோ பூட்டை உடைத்துக் கொடுத்த திருட்டு வரைபட சாஃப்ட்வேரை ஆண்டாண்டு காலமாக ஓட்டிக்கொண்டிருந்தேன். அதற்குள் வாடகையில்லாமல் குடியிருந்த வைரஸ் ஒருநாள் காலையில் எல்லா பிளானையும் விழுங்கிவிட்டு ஏப்பம் விட்டது. நான் உடனே ஓர் இஞ்சினியர் செய்யவேண்டியதைச் செய்தேன். எலுமிச்சம்பழம் வாங்கிவந்து கம்ப்யூட்டருக்குச் சுற்றிப் போட்டேன். பலிக்கவில்லை. அதன்பிறகு செய்ததுதான் உண்மையான முட்டாள்தனம். கருந்திரையைக் கூப்பிட்டேன்.

வைகைக்கு வடக்கிலும் சரி, தெற்கிலும் சரி, கருந்திரையைப் போல மனித குலத்தை ஒட்டுமொத்தமாக வெறுத்த ஆளை மதுரை கண்டதில்லை. அப்பா அம்மா வைத்த பெயர் யாருக்கும் தெரியாது. அவருடைய கம்ப்யூட்டரில் எப்போதும் கறுப்புத் திரைதான் இருக்கும். அதில் வெள்ளை எழுத்து ஓடும். படம் கிடையாது, பொத்தான் கிடையாது. எங்கள் டிராஃப்ட்ஸ்மேன் பாண்டி அதைப் பார்த்துவிட்டு வைத்த பெயர்தான் கருந்திரை. மவுஸைக் கண்டால் வாலைப் பிடித்துத் தூக்கி, பொறியில் விழுந்த எலியைத் தெருவில் எறிகிற முகத்தோடு டிராயருக்குள் போடுவார்.

சிம்மக்கல்லிலேயே கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைதான் வைத்திருந்தார். கடைப் பலகையில் ஓர் எழுத்து கிடையாது. மூலையில் ஒரு சின்ன விளக்கு மட்டும் மினுக் மினுக்கென்று அணைந்து அணைந்து எரியும். கறுப்புத் திரையில் எழுத்துக்காகக் காத்திருக்குமே ஒரு கோடு, அதுவாம். அந்த வழியாகப் போகிற எலெக்ட்ரீஷியன் எல்லாம் நின்று, "அண்ணே, லூஸ் கனெக்ஷன், மாத்திருவோமா?" என்று கேட்டுத் திட்டு வாங்கிப் போவார்கள்.

வாடிக்கையாளர்களை அவர் நடத்துகிற அழகே தனி. ஒருமுறை பழமண்டிக்காரர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"தம்பி, ரொம்ப மெதுவா ஓடுது. என்னன்னு பாருங்க."

"எங்க ஓடணும்?"

"எங்கயும் இல்ல. கணக்குப் போடத்தான்..."

"வாழப்பழக் கணக்குதான? பழம் அழுகுறதுக்குள்ள போட்டா போதும்ல. கெளம்புங்க."

சந்தேகம் கேட்டால் ஒரே பதில். "மேனுவல்ல இருக்கு. படி." டீக்கடையிலும் இதே ராணுவ ஆட்சிதான். "டீ. ரெண்டு. சர்க்கரை இல்லாம. ஆத்தாம" என்பார். மாஸ்டர் பழக்கதோஷத்தில் ஓர் ஆற்று ஆற்றிவிட்டால் குடிக்கமாட்டார். "நான் குடுத்த கமாண்ட் என்ன, நீ செஞ்சது என்ன?" ஆட்டோவில் ஏறினால் "மதுரை, வடக்கு, ஆனையூர், ரெண்டாவது மெயின் ரோடு" என்று மேலிருந்து கீழாக முழுப் பாதையையும் ஒப்பிப்பார். ஆட்டோக்காரர் ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "மதுரைய விட்டு நான் எங்கண்ணே போகப்போறேன்? ஆனையூர்னா போதாதா?" என்றார். கருந்திரை பாதி வழியில் இறங்கி நடந்தே போய்விட்டார்.

அந்த மனிதர்தான் என் ஆபீஸுக்கு வந்து, செத்துக்கிடந்த கம்ப்யூட்டர்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இரண்டுக்கும் ஒரே முகபாவம்தான்.

"திருட்டு சாஃப்ட்வேர்ல ஊருக்கு வீடு கட்டுறியே, வெக்கமா இல்ல?"

"இருக்குண்ணே."

"எம்புட்டு இருக்கு?"

"நெறைய இருக்குண்ணே."

"பத்தாது."

சொல்லிவிட்டு எல்லாவற்றையும் அழித்து லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டார். லினக்ஸ் காசு கேட்காது, அதை வைரஸும் லேசில் அண்டாது. தங்கமான ஏற்பாடு. ஒரே ஒரு சின்னக் குறை. நாங்கள் பிளான் போடுகிற சாஃப்ட்வேர் அதில் ஓடாது. இதைச் சொன்னேன். "ஓட வைப்பேன்" என்றார். நடுவில் மொழிபெயர்ப்பாளரைப் போல இன்னொரு சாஃப்ட்வேரை உட்கார வைத்து ஓடவும் வைத்தார். எப்படி ஓடியது என்பதைப் பாண்டி சொல்லித்தான் கேட்கவேண்டும்.

"அண்ணே, சுவத்துக்குக் கோடு போட்டேன். இன்னும் வரல."

"வரும்ல?"

"டீ குடிச்சிட்டு வாரேன், அதுக்குள்ள வந்துரும்."

வந்தது. செங்கலுக்குப் போட்ட கோடு மீன் செதிலாக வந்தது. கதவு ஜன்னலுக்கு மேலே ஏறி நின்றது. கருந்திரை அதை அவமானமாக எடுத்துக்கொண்டு, எங்கள் சாஃப்ட்வேரை அடியோடு பிடுங்கி எறிந்துவிட்டு, லினக்ஸுக்கென்றே பிறந்த ஓர் இலவச சாஃப்ட்வேரை வைத்தார். அதில் எல்லாம் ஒழுங்காக ஓடியது, பாண்டியைத் தவிர. காலமெல்லாம் வரைந்து வரைந்து அவனுடைய இடது கை விரல்களுக்குத் தனியாக மூளை முளைத்திருந்தது. எந்தச் சாவியை அமுக்கினால் சுவர், எந்தச் சாவிக்குக் கதவு என்று அவை தாமாகவே போகும். புது சாஃப்ட்வேரில் அதே சாவிக்கு வேறு வேலை. பாண்டி படுக்கையறையை நகர்த்துவதாக நினைத்து மாடிப்படியை அழித்துக்கொண்டிருந்தான். என்னைப் பற்றிக் கேட்காதீர்கள். ஒரு சதுரம் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

இதற்கிடையில்தான் ஜெசிந்தா டீச்சர் காத்திருந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆனையூரில் சின்ன மனை. வைரஸ் விழுங்கியதில் அவர் பிளானும் ஒன்று. அவர் கணவர் அதே பள்ளியில் டிரில் மாஸ்டராக இருந்தவர். ஊரையே வரிசையில் நிற்கவைத்த மனிதர். படியில் விழுந்து இடுப்பொடிந்ததிலிருந்து வீல்சேரில் இருக்கிறார். வாடகை வீட்டில் பாத்ரூம் கதவுக்குள் வீல்சேர் நுழையாது. ஒவ்வொரு தடவையும் பக்கத்து வீட்டு ஆள்களைக் கூப்பிட்டு, தூக்கிக்கொண்டு போய் உட்கார வைக்கவேண்டும். டீச்சர் என்னிடம் வேறெதுவும் கேட்கவில்லை. ஹால் சின்னதாக இருக்கட்டும், முகப்பு அலங்காரம், எலிவேஷன் எதுவும் வேண்டாம். "சார் தானாப் போயி, தானா வரணும் தம்பி. அம்புட்டுத்தான்."

பாண்டியும் நானும் புது சாஃப்ட்வேரோடு மல்லுக்கட்டி அந்தப் பிளானை மறுபடி வரைந்து முடித்தோம். ஜெபம் சொல்லி அடிக்கல் மந்திரிக்க ஃபாதருக்கு நாள் சொல்லியாகிவிட்டது. கடைசியில் பிரிண்ட் எடுக்கப் போனால், பெரிய தாளில் பிளான் அடிக்கிற பிளாட்டர் மிஷின், லினக்ஸோடு பேசமாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. கருந்திரை வந்தார். கறுப்புத் திரையில் ஏதோ தட்டினார். மிஷின் பயந்துபோய்த் தாளைக் கக்கியது. கோடெல்லாம் கத்தி மாதிரி இருந்தது. எண்கள் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் குட்டிக் குட்டிக் கட்டங்கள்.

"அண்ணே, அளவெல்லாம் கட்டம் கட்டமா இருக்கே?"

"ஃபாண்ட் இல்ல, எழுத்து வராது. கோடு சரியா இருக்குல்ல? கோட்ட வச்சுக் கட்டச் சொல்லு."

பி.இ. படித்த நான் தலையாட்டினேன்.

நம் ஊர்க் கொத்தனாருக்கு, எழுதியிருக்கிற எண்ணைவிடத் தன் டேப்பின்மேல்தான் நம்பிக்கை. காகிதத்தில் ஓர் அங்குலம் என்றால் மண்ணில் இத்தனை அடி என்று மனசுக்குள் ஒரு கணக்கு வைத்திருப்பார். இருளப்பன் கொத்தனாருக்கோ கட்டங்களைக் கண்டதும் ஏக சந்தோஷம். படிக்கிற வேலை மிச்சம். தாளின்மேல் டேப்பை வைத்தார், அளந்தார், ஆனையூர் மண்ணில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுவிட்டார். கருந்திரை தட்டிய கட்டளையில், படம் தாளுக்குள் அடங்கட்டும் என்று மொத்தப் பிளானும் கொஞ்சம் சுருங்கியிருந்தது அவருக்கு எப்படித் தெரியும்? வீடும் கூடவே சுருங்கியது.

மறுநாள் காலை எல்லோரும் மனையில் கூடினோம். ஃபாதர், டீச்சர், டிரில் சார், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் நான். யாரும் அழைக்காமலே கருந்திரையும் வந்து, எல்லோரையும் வெறுப்பதற்கு வசதியாக ஓரமாக நின்றார். ஜெபம் தொடங்குவதற்குமுன் டிரில் சார், "என் பாத்ரூமப் பாத்துட்டு வாரேன்" என்று வீல்சேரைத் தானே உருட்டிக்கொண்டு கிளம்பினார். சுண்ணாம்புக் கோட்டில் கதவுக்காக விட்டிருந்த இடைவெளிக்கு வந்தார். இரண்டு சக்கரமும் இரண்டு பக்கக் கோட்டிலும் ஏறின. பின்னால் எடுத்து, நேராக்கி, மறுபடி வந்தார். மறுபடியும் ஏறின. சக்கரமெல்லாம் வெள்ளை.

சார் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டீச்சர் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்.

"இங்கயும் தூக்கணுமா தம்பி?"

நான் இருளப்பனைப் பார்த்தேன். "பின்னாடி எடம் மிச்சம் கெடந்துச்சு சார். தென்னங்கன்னு வைக்க விட்டிருப்பீகன்னு நெனச்சேன்" என்றார் அவர். நான் வாயைத் திறந்து, கம்ப்யூட்டர், மிஷின், லினக்ஸ் என்று உளற ஆரம்பித்தேன்.

"நிறுத்து" என்றார் கருந்திரை. "மிஷின் மேல பழி போடாத. நான் சொன்னதத்தான் அது செஞ்சுச்சு. தாளுக்குள்ள அடக்கச் சொன்னது நான். எண்ணு வேணாம்னு சொன்னதும் நான்."

மதுரையில் யாருமே கேட்டிராத வசனம் அது. அவர் வாயிலிருந்து வந்தது என்று சொன்னால் பாண்டி இன்றைக்கும் நம்பமாட்டான். அடுத்த நிமிடமே செருப்பைக் கழற்றிவிட்டு, காலால் சுண்ணாம்புக் கோட்டையெல்லாம் தேய்த்து அழித்தார். நான் பிளானை நீட்டினேன். "அதத் தூக்கிக் குப்பையில போடு" என்றார். டிரில் சாருக்கு முன்னால் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"சார், ஒங்களுக்கு எம்புட்டு எடம் வேணுமோ, அம்புட்டும் எடுத்துக்கிட்டுச் சுத்துங்க."

சார் நிமிர்ந்தார். "அபௌட்... டர்ன்!" என்று தனக்குத்தானே உத்தரவு போட்டு, வீல்சேரைத் தாராளமாக ஒரு வட்டம் அடித்தார். சக்கரத் தடம் மண்ணில் பதியப் பதிய, கருந்திரை பின்னாலேயே தவழ்ந்து சுண்ணாம்பைத் தூவிக்கொண்டு போனார். அந்த வட்டத்தைச் சுற்றித்தான் பாத்ரூம் சுவருக்குக் கோடு விழுந்தது. மற்ற அறைகளுக்கு என்னைச் சரியான எண்களைச் சொல்லவைத்து, இருளப்பனை அளக்கவைத்தார்.

"ஃபாதர், செவத்துல நிக்கிறீங்க. தள்ளுங்க."

ஃபாதர் தீர்த்தப் பாத்திரத்தோடு பயந்து ஹாலுக்கு நகர்ந்தார்.

"ஏய் இஞ்சினியர், வெள்ளச் சட்ட போட்டு வந்திருக்கியே, ஒரு வீல்சேர் திரும்புமான்னு பாத்தியா? ஒனக்கெல்லாம் எவன்யா பட்டம் குடுத்தான்?"

அன்றைக்கு அந்தத் திட்டு எனக்குச் சுருக்கென்று தைக்கவில்லை. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தார்.

கருந்திரை இப்போது சிம்மக்கல்லில் இல்லை. மேலூரில் ஒரு கிரானைட் பட்டறையில் கல் அறுக்கிற மிஷினுக்குக் கமாண்ட் கொடுத்துக்கொண்டிருக்கிறாராம். கல்லுக்குச் சந்தேகம் வராது, அதனால் ஒத்துப்போகிறது என்று கேள்வி. எங்கள் ஆபீஸில் இன்றைக்கும் லினக்ஸ்தான். பிரிண்ட்டில் எண்ணெல்லாம் எண்ணாகவே வருகிறது. பாண்டியின் இடது கைக்கும் புது மூளை முளைத்துவிட்டது. ஆனால் நாள் முழுக்க யாரும் யாரையும் திட்டுவதில்லை. ஆபீஸா அது?

போன மாதம் டீச்சரின் புது வீட்டு மந்திரிப்பு. கருந்திரை வரவில்லை. அங்கிருந்தே போன் போட்டு மூச்சுவிடாமல் சொன்னேன். "அண்ணே, சார் தானாவே உள்ள போயி, தானாவே கதவச் சாத்திக்கிட்டாரு. உள்ளருந்து பாட்டுச் சத்தம் வருது. டீச்சர் கதவுக்கு வெளிய நின்னு கேட்டுக்கிட்டு இருக்காங்க. நீங்க இல்லாம ஆபீஸ் ஆபீஸாவே இல்ல. ஒருநாள் வந்து எங்களத் திட்டிட்டாவது போங்கண்ணே."

மறுமுனையில் கல் அறுக்கிற சத்தம். அதற்கு மேலே அவர் குரல்.

"தாப்பாள் அவருக்கு எட்டுதான்னு பாத்தியா?"