காற்றுக்குழாயில் ஒரு மத்தியானத் தூக்கம்

அடுத்தவர் வேலை செய்வதை விழித்திருந்து பார்ப்பதுதான் மேற்பார்வையாளனின் வேலை. கும்மிடிப்பூண்டியில் ஒரு மத்தியானம் நான் பார்க்கவும் இல்லை, விழித்திருக்கவும் இல்லை.

பாட்டில் மூடி செய்யும் தொழிற்சாலை அது. அதன் பேக்கிங் கூடத்துக்கு ஏசி பொருத்துவதுதான் என்னை நம்பி விடப்பட்ட முதல் வேலை. அன்று மாலை தொழிற்சாலை முதலாளி வந்து, ஓடவிட்டுப் பார்த்து, கையெழுத்துப் போட்டால் எனக்கு வேலை நிரந்தரம். இல்லையென்றால் செவ்வாப்பேட்டையில் மாமா கடைக்குத் திரும்பி மிக்சி மோட்டார் கழற்ற வேண்டும். (நான் உட்கார்ந்த ஸ்டூலை மாமா வேறு யாருக்கும் தரவில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை!)

குளிர்காற்றைக் கூடத்துக்குக் கொண்டுபோகும் தகரக் குழாயில் ஓர் ஆள் தவழ்ந்து போகலாம். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குழாய்க்குள் போகிறவன் அதன் சின்னக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். செருப்பு கிடந்தால் கதவை யாரும் மூட மாட்டார்கள்.

ஃபோர்மன் ஏழுமலையும் ஆட்களும் சாப்பிடப் போயிருந்தார்கள். தகரத்தில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க நான் உள்ளே போனேன். காலில் அன்றைக்கென்றே வாங்கிய ஷூ. சிமெண்ட் தூசியில் விட மனம் வரவில்லை. கையோடு எடுத்துக்கொண்டேன்.

உள்ளே வெள்ளி பூசிய இருட்டு. கூரைமேல் ஐப்பசி மழை. ஊசிமுனை ஓட்டைகளின் வழியே கூடத்தின் வெளிச்சம் வந்தது; தலைக்கு மேல் நட்சத்திரங்கள் முளைத்ததுபோல் இருந்தது. எத்தனை என்று எண்ணுவது என் கடமை. கடமையைச் செய்ய மல்லாந்து படுத்தேன். ஷூ தலையணையானது.

சிறிது நேரத்தில் நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. விடியப்போகிறது என்று நினைத்தேன். (ஏழுமலை வெளியே நின்று ஓட்டைகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்.) எங்கோ ஒரு கதவு மூடியது. எங்கள் வீட்டுக் கதவு என்று நினைத்து நிம்மதியாகப் புரண்டு படுத்தேன்.

பிறகு வெளியே நடந்தது ஏழுமலை சொல்லித்தான் எனக்குத் தெரியும். எலுமிச்சம்பழம், கற்பூரத்தோடு முதலாளி வந்துவிட்டார்.

"எங்கபா உங்க சூப்ரவைசரு?"

"ஷூவக் காணோம் மொதலாளி. டீ சாப்ட போய்க்கீறாரு போல."

"இன்னா நைனா அது, கர்ரு கர்ருனு சத்தம்?"

"புது மிஷினு மொதலாளி. ஓட ஓட செட்டாய்டும்."

"யோவ், இன்னும் நான் சுச்சே போடலியே!"

சொல்லிக்கொண்டே முதலாளி சுவிட்சைப் போட்டார்.

என் கனவுக்குள் காற்று வந்தது. திருப்பாச்சூர் வீட்டில், மழைநாளிலும் ஃபேனை முழு வேகத்தில் வைக்கும் என் அம்மா. வழக்கம்போல் கத்தினேன்.

"அம்மா... ஃபேன கொறம்மா... குளுருது!"

கூரையில் காற்று இறங்கும் அத்தனை துவாரங்களிலிருந்தும் என் குரல் இறங்கியது. மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் அண்ணாந்து பார்த்தார்கள். ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கதவைத் திறந்தார்கள். முதலில் என் சாக்ஸ் வெளியே வந்தது, கடைசியில் தலை. கன்னத்தில் ஷூ லேஸின் தடம்.

"ஏர் ஃப்ளோ செக் பண்ணிக்கினு இருந்தேன் சார்," என்றேன்.

முதலாளி தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமாவின் ஸ்டூல் என் கண்முன் வந்தது.

"தூங்கிக்கினு கீறவனே குளுருதுன்றான். இதுக்குமேல இன்னா டெஸ்டு? பேனா குடு."

கையெழுத்துப் போட்டுவிட்டார். ஏழுமலை மட்டும் என் காதருகே குனிந்தார். "சார், இனிமே ஷூவ வெளிய வுட்டுட்டுப் போ. இல்லன்னா உன்னியும் சேத்து பேக் பண்ணிடுவோம்."

என் கல்யாணத்தில், நான் தாலி கட்டி முடித்ததுமே, "அம்மா, ஃபேன கொறம்மா!" என்று அதே ஏழுமலை கத்தினார். மண்டபமே சிரித்தது. இப்போது என் மகள் கத்துகிறாள், வீடு சிரிக்கிறது. அம்மா மட்டும் ஒருமுறைகூடச் சிரித்ததில்லை. அந்த வார்த்தை காதில் விழுந்ததும் எழுந்துபோய் ரெகுலேட்டரைத் தேடுவார். அன்று மண்டபத்திலும் அப்படித்தான் தேடினார்.