குனியாமணி வீட்டுத் தரை

கள்ளிக்குப்பத்தில் தவளை கத்திக்கொண்டிருந்த பள்ளத்தை மேடாக்கி மூன்று மாடி எழுப்பியவன் நான். அண்ணனூரில் தண்டவாளத்தை ஒட்டிய மண்ணில், ரயில் போகும்போதெல்லாம் டம்ளர் ஆடுகிற இடத்தில், ஒரு கீறல் விழாமல் கல்யாண மண்டபம் கட்டி நிறுத்தியவன் நான். வேறு ஆட்கள் பாதியில் போட்டுவிட்டு ஓடிப்போன வீடுகளைக் கோணல் நிமிர்த்தி, அதில் பால் காய்ச்ச வைத்திருக்கிறேன். இத்தனைக்கும் நான் அஞ்சாம் கிளாஸ் தாண்டாதவன். செங்கல் சுமந்து, கொத்தனாராகிக் கரண்டி பிடித்து, மேஸ்திரியானவன். எங்கள் பக்கத்தில் மேஸ்திரி என்று மொட்டையாகச் சொன்னால் அது நான்தான். வேறு ஆள் என்றால் பேரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அப்பேர்ப்பட்ட என்னை நடுவீட்டில் நின்று தலையில் அடித்துக்கொள்ள வைத்த ஒரே மனிதர் குனியாமணி. ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை சல்லடை போட்டுச் சலித்தாலும், வேலை செய்யாமல் இருப்பதற்காக இவரைப் போல ஓயாமல் வேலை செய்த ஆள் அகப்பட மாட்டார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. இது தெரு வைத்த பெயர். அவர் குனிந்து யாரும் பார்த்ததில்லை. ஷெட்டில் மின்சார ரயில் கழுவி ரிட்டயர் ஆனவர். நீளக் கம்பில் பிரஷ், கையில் ஓஸ் பைப், நின்ற வாக்கிலேயே காலம் தள்ளியாயிற்று. ஏன் நைனா குனிய மாட்டேன் என்கிறாய் என்று கேட்டால், அவரிடம் பதில் ரெடியாக இருக்கும்.

"இம்மாம் நீள ரயிலையே நின்னுகினு கழுவிட்டேன் மேஸ்திரி. இத்தினூண்டு ஊட்டுக்கு இன்னாத்துக்குக் குனியணும்?"

வாசலில் விழும் பேப்பரைக் கால் கட்டைவிரலால் கவ்வி எடுப்பார். சாவி விழுந்தால், ஆணியில் தொங்கும் காந்தத்தை நூலோடு இறக்கிக் கிணற்றில் வாளி தேடுகிற மாதிரித் தேடுவார். நான் குனிந்து எடுத்துக் கொடுத்தால் கோபம் வந்துவிடும். "உனுக்கு இடுப்பு சும்மாவா வந்துச்சு?" என்பார்.

வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ள அவர் வகுத்த சட்டம் ஒன்றுதான். தரையில் எதுவும் இருக்கக் கூடாது, எல்லாம் தொங்க வேண்டும். வெங்காயக் கூடை தொங்கும். வாளி தொங்கும். முறம், முக்காலி, குடை, இட்லிக் குண்டான் எல்லாம் தொங்கும். விருந்தாளியின் செருப்பைக்கூட விடமாட்டார், வாசற்படி மேலே கொக்கியில் மாட்டிவிடுவார். ஒரு தடவை என் செருப்பே என் நெற்றியில் இடித்தது. சொந்தச் செருப்பால் அடி வாங்கிய மேஸ்திரி இந்த ஜில்லாவில் நான் ஒருவன்தான்.

இதில் ஒரு விஷயத்தை அவர் கவனிக்கவே இல்லை. குப்பை தொங்காது. அது தரையில்தான் விழும். அதைக் குனிந்து அள்ளுவது யார்? அவர் மனைவி சரோஜா அக்கா. தொழிற்பேட்டை எஸ்டேட்டில் துணி தைக்கிற கம்பெனியில் நாள் முழுக்க மெஷின் முன்னால் முதுகு வளைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து பாக்கி வளைவையும் வளைப்பார். குனியாமணி பக்கத்தில் நின்று யோசனை சொல்வார்.

இதற்கு நடுவில், எதிர் வீட்டுக்குக் குடிவந்த திருநெல்வேலிக்காரர், கம்ப்யூட்டர் கம்பெனி உத்தியோகஸ்தர், தட்டு சைசில் ஒரு மெஷினைக் கொண்டுவந்து காட்டினார்.

"அண்ணாச்சி, இது தானாப் பெருக்கும். நீங்க சும்மா இருந்தாப் போதும்."

மெஷின் ஆமை மாதிரி ஊர்ந்தது. குனியாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆயுசு முழுக்க அவர் எதிர்பார்த்த வார்த்தையை ஒருத்தர் சொல்லிவிட்டாரே! ஆமை நேராகக் கட்டிலுக்கு அடியில் போய், சுவரோரம் மாட்டிக்கொண்டு, பீப் பீப் என்று கத்தியது. கையை விட்டு எடுத்தால் வந்துவிடும். ஆனால் அதற்குக் குனிய வேண்டுமே! எனக்குப் போன் வந்தது.

"மேஸ்திரி, ஒடனே வா. கட்டில தூக்கணும்."

போனேன். ஒரு பக்கம் நான் குனிந்து தூக்கினேன். இன்னொரு பக்கத்தை அவர் முழங்காலால் முட்டுக்கொடுத்துத் தூக்கினார். கட்டிலைச் சுவரில் சாய்த்து நிறுத்திவிட்டு, ஆமையைக் காலால் ஓரமாகத் தள்ளிக்கொண்டே எதிர் வீட்டு வாசலில் சேர்த்தார். "சரிப்பட்டு வராது சார், ரொம்பக் குனிய வெக்கிது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். என் முதுகுப் பிடிப்பு விட ஒரு வாரம் ஆனது.

சரோஜா அக்காவின் இடுப்பு எலும்பு தேய்ந்திருக்கிறது, இனிமேல் குனியக் கூடாது என்று டாக்டர் சொன்ன வாரத்தில்தான் அது நடந்தது. துவரம்பருப்பு டப்பாவும் தொங்கிக்கொண்டுதானே இருந்தது? கயிறு அறுந்து விழுந்தது. வீடு முழுக்கப் பருப்பு. அக்கா வலியோடு உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தார். குனியாமணி இடுப்பில் கை வைத்து நின்றார்.

"நடுவுலேர்ந்து பொறுக்காத சரோசா. ஓரத்துலேர்ந்து வா. வேலை கம்மி."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். முறத்தை அப்படியே வைத்தார். புடவையை உதறினார்.

"யோவ், இனிமே இந்த ஊட்ல நான் குனிய மாட்டேன். நெமிலிச்சேரிக்கு என் தங்கச்சி ஊட்டுக்குப் போறேன். நீ ஓரத்துலேர்ந்து வா, நடுவுலேர்ந்து வா, எங்கேர்ந்தோ வா."

அடுத்த ரயிலில் போய்விட்டார். குழந்தை குட்டி இல்லாத வீடு. குனியாமணியும் தொங்குகிற சாமான்களும்தான் மிச்சம்.

வேறு மனிதனாக இருந்தால் என்ன செய்வான்? துடைப்பத்தை எடுப்பான், மச்சினிச்சி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்பான். குனியாமணி என் வீட்டுக்கு வந்தார்.

"மேஸ்திரி, தரையை ஒடைக்கணும். யாருமே குனியத் தேவையில்லாத ஊடு ஒண்ணு கட்டிக் குடு. அவ வந்துருவா."

"துடைப்பத்தை எடுத்தாலும் வந்துருவாங்க நைனா."

"அது ஒரு நாளைக்கு. இது எல்லா நாளைக்கும்."

அவர் கேட்டது இதுதான். வாசலில் ஓஸ் பைப்பைத் திறந்தால், தண்ணீர் ஹாலைக் கழுவி, சமையலறை ஓரமாகப் போய், பின்பக்கம் துணி துவைக்கிற இடத்தில் விழ வேண்டும். அதற்கு வீடு முழுக்கத் தரை சரிய வேண்டும். அந்தச் சரிவை நாங்கள் வாட்டம் என்போம். குளியலறைக்கு வாட்டம் விடலாம், மொட்டை மாடிக்கு விடலாம். சோறு தின்கிற ஹாலுக்கு எவனாவது விடுவானா? ஒரு மேஸ்திரிக்கு மானம் என்பது ரசமட்டம்தான். அந்தக் கட்டையை வைத்தால் கண்ணாடிக் குழாயில் ஓடுகிற குமிழி நட்ட நடுவில் வந்து நிற்க வேண்டும். என் தரையில் அது என்றைக்கும் அசைந்ததில்லை. இந்த வீட்டில் போட்டுப் பார்த்தால் குமிழி ஒரு மூலைக்கு ஓடிப்போய் ஒளிந்துகொள்ளும். பார்க்கிறவன் என்ன சொல்வான்? மேஸ்திரிக்குக் கண் போச்சு என்பான்.

மாட்டேன் என்றேன். தினமும் வந்தார். டீக்கடைக்கு வந்தார், சைட்டுக்கு வந்தார். கடைசியாக, "அவ இல்லாம ஊடு ஊடாவே இல்ல மேஸ்திரி" என்று தூணைப் பார்த்துச் சொன்னார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கரண்டியை எடுத்தேன்.

வேலை நடந்த நாளெல்லாம் சண்டை. மூலை இருந்தால் குப்பை குந்துமாம், அதனால் சுவரும் தரையும் சேருகிற இடமெல்லாம் கிண்ணம் மாதிரி வளைத்துப் பூச வேண்டுமாம். கட்டிலுக்கு அடி என்ற ஒன்றே கூடாதாம், செங்கல்லிலேயே கட்டிலைக் கட்டி மூட வேண்டுமாம். ஷோகேஸ் கூடாது, லாஃப்ட் கூடாது. "தூசிக்கு நீ இன்னாத்துக்குப் பால்கனி கட்டிக் குடுக்கிற?" என்றார். அதில் நியாயம் இருந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஒரே ஒரு இடத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. சமையலறை வாசலுக்கு முன்னால் சரோஜா அக்கா உட்கார்ந்து சாப்பிடுகிற இடம். அங்கே நாலு பேர் உட்காருகிற அளவுக்குக் கடப்பாக் கல் போட்டு, மட்டமாகப் பதித்தேன். குமிழி நட்ட நடுவில்.

"இன்னா மேஸ்திரி, இங்க மட்டும் தண்ணி நிக்குதே?"

"நிக்கத்தான் செய்யும். மட்டம்னா அதுதான்."

"பேத்து எடு. ஓடணும்."

"எலையில ஊத்துன ரசம் மடிக்கு ஓடும், பரவால்லியா? நான் போட்ட தரையில ஒரு எடமாவது மன்சன் குந்தற மாதிரி இருக்கணும். பேக்கணும்னா வேற ஆளப் பாத்துக்க."

கத்தினார். என்னை மேஸ்திரியே இல்லை என்றார். நானும் அவர் கழுவிய ரயிலைப் பற்றிச் சொல்லக் கூடாததெல்லாம் சொன்னேன். கல் அப்படியே இருந்தது.

வேலை முடிந்தது. ஊரே வந்து பார்த்துச் சிரித்தது. எலுமிச்சம்பழம் கை தவறினால் வாசலிலிருந்து பின்பக்கத்துக்கு ஓடியது. சக்கரம் வைத்த ஸ்டாண்டில் இருந்த கேஸ் சிலிண்டர், கதவைத் திறந்துகொண்டு பின்பக்கம் காற்று வாங்கப் போய் நின்றது. சிலிண்டர் போடுகிறவர், "இன்னா நைனா, காலி ஆனா அதுவே ஏஜென்சிக்குப் போய்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

குனியாமணிக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. நெமிலிச்சேரிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, என் எதிரிலேயே வீட்டின் பெருமையை அளந்தார். அந்தப் பக்கம் சரோஜா அக்கா எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் ஒரே கேள்வி.

"தரை சாஞ்சுது, செரி. மன்சன் சாஞ்சானா?"

போன் கட்டானது. குனியாமணி என்னைப் பார்த்தார். "இன்னா கேக்கறா? ஒண்ணும் புரியலியே" என்றார். எனக்குப் புரிந்தது. சொல்லிப் புரிய வைக்கிற ஜாதியா அவர்?

பிறகு மழை வந்தது. எங்கள் பக்கத்து மழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஏரி நிரம்பி, தெரு நிரம்பி, வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். வடிந்தபோது எல்லா வீட்டிலும் அடை மாதிரிச் சேறு. நான் பார்த்துப் பார்த்துக் கட்டிய என் வீட்டில், குமிழி அசையாத என் தரையில், சேறு ரொம்பச் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டது. கட்டிலுக்கு அடியில் என் மனைவி முறத்தால் வாரிக்கொண்டிருந்தாள். "ஊருக்கெல்லாம் கட்டிக் குடுத்தியே, நம்மூட்டுக்கு ஒரு வாட்டம் உடத் தோணிச்சா உனுக்கு?" என்றாள். மண்வெட்டி தேடுகிற சாக்கில் வெளியே வந்தேன்.

தெரு முழுக்கக் குனிந்த முதுகுகள். ஒருத்தர் மட்டும் நிமிர்ந்து நின்றார். வாசலில் ஓஸ் பைப்போடு குனியாமணி. மாடித் தொட்டியில் தண்ணீர் இருந்தது. சேறு தானாக நழுவி, மூலையில் தங்காமல், பின்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. சிரித்தவர்கள் எல்லாம் வாசலில் கூடிவிட்டார்கள். அவர் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், அதற்கு அந்தச் சேற்றிலேயே என்னைப் புதைத்திருக்கலாம்.

ரயில் ஓட ஆரம்பித்ததும், மனசு கேட்காமல் சரோஜா அக்கா பார்க்க வந்துவிட்டார். தோளில் பை. வீட்டைப் பார்க்க வந்திருந்த கூட்டம் வழி விட்டது. வீட்டைச் சுற்றிப் பார்த்தார். வளைந்த மூலையைப் பார்த்தார், செங்கல் கட்டிலைத் தட்டினார்.

"நல்லாத்தான் கீது" என்றார். பை தோளிலேயே இருந்தது. "ஆளு நல்லாத்தானே கீற? பாத்தாச்சு. வரேன்."

"இரு சரோசா, ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போ. உன் எடத்துல குந்து."

அவர் இடம் என்றால் என் கடப்பாக் கல். அங்கே மட்டும் சேறு படிந்து, அப்பளமாகக் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. குனியாமணி பைப்பைத் திருப்பினார். போகவில்லை. நீளக் கம்பு பிரஷ்ஷால் தேய்த்தார். வழுக்கியது. கால் கட்டைவிரலால் சுரண்டினார். என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். "சொன்னனே மேஸ்திரி, கேட்டியா?" என்றார்.

அக்கா வலித்த இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். குனியாமணி அந்தக் கையைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். தோளிலிருந்த துண்டை உருவினார்.

பிறகு குனிந்தார்.

துருப்பிடித்த ஷட்டர் இறங்குகிற சத்தம் அவர் முட்டியிலிருந்து வந்தது. உட்கார்ந்து, துண்டை நனைத்து, கல்லைத் தேய்த்தார். ஓரத்திலிருந்துதான் ஆரம்பித்தார்.

"நடுவுல வுட்டுட்டியே" என்றார் அக்கா.

"வரேன், வரேன்" என்றார் இவர், தலையைத் தூக்காமல்.

அக்கா பையைத் தோளிலிருந்து இறக்கினார். தரையில் வைக்கவில்லை. சுவரைப் பார்த்தார், காலியாக ஒரு கொக்கி இருந்தது. அதில் மாட்டினார்.

இன்றைக்கு எங்கள் பக்கத்தில் யார் வீடு கட்டினாலும் ஹாலுக்குக் கொஞ்சம் சரிவு கேட்கிறார்கள். 'குனியாமணி வாட்டம்' என்று பேரே வந்துவிட்டது. என் வீட்டுக்காரியும் கேட்கிறாள். வாட்டத்துக்கு அவர் பேர் இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை. இருந்தாலும் கொஞ்சம்தான். ஆனால் அக்காவைத் திரும்பக் கொண்டுவந்தது வாட்டமா? அது சேற்றைத்தான் கொண்டுபோனது. அக்காவைக் கொண்டுவந்தது நான் சண்டை போட்டுப் பதித்த மட்டம். இதைத் தெருவில் ஒருத்தரும் சொல்வதில்லை.

அந்தப் பக்கம் போனால் எட்டிப் பார்ப்பேன். சாப்பாட்டு நேரமென்றால் குனியாமணி அந்தக் கல்லில் குந்திக்கொண்டு, நின்ற தண்ணீரை ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டிருப்பார். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். என்னைக் கண்டதும் திட்டு ஆரம்பமாகும்.

"வாய்யா மேஸ்திரி. உன்னாலதான்யா எனக்கு இந்தப் பேஜாரு, தெனம் தெனம்!"

திட்டிக்கொண்டே எனக்கும் ஒரு தட்டு வைக்கிற இடத்தை நன்றாக இன்னொரு தடவை துடைப்பார். நான் உட்கார்ந்து சாப்பிடுவேன். ஒரே ஒரு வேண்டுகோள்தான் அவரிடம் வைத்திருக்கிறேன்: இதையே கொஞ்சம் வாசலுக்கு வந்து, தெருவுக்குக் கேட்கிற மாதிரித் திட்டு நைனா.