பொட்டு வைத்த எண்ணெய் மெசின்

பிள்ளையாரில் ஒரு பிழையும் இல்லை. அன்றைக்கு நடந்ததற்கு முழுப் பொறுப்பும் என்னுடையதுதான்.

சுனாமி என் வெல்டிங் பட்டறையைக் கொண்டுபோனது. மிஞ்சியதைச் சண்டை பார்த்துக்கொண்டது. எல்லாம் ஓய்ந்து வாகரைக்குத் திரும்பியபோது என்னிடம் இருந்தவை லொறியைத் தூக்கும் ஒரு ஜக்கும் எட்டாம் வகுப்புப் படிப்பும்தான். (ஜக்கு நல்ல நிலையில் இருந்தது.) அதை வைத்து எள்ளில் எண்ணெய் பிழியும் மெசின் ஒன்று செய்தேன். சுற்றிலும் சின்னத் துளைகள் போட்ட இரும்புக் குழாய். உள்ளே இடித்துச் சூடாக்கிய எள். ஜக்கு அமுக்க, துளை வழியே எண்ணெய் கசிந்து தட்டில் விழும்.

எள்ளுப் பயிர் செய்யும் பெண்களுக்குப் பத்து மெசின் கொடுக்க ஒரு உதவி நிறுவனம் விரும்பியது. மெசினை இயக்கிப் பார்க்க அங்கிருந்து ஒரு மிஸ் வருவதாகத் தகவல். அந்த வேலை கிடைத்தால் பட்டறைக்குக் கூரை ஏறும். இல்லையென்றால் திரும்பவும் கூலிக்குத்தான் போகவேண்டும்.

புது மெசினைப் பொட்டு வைக்காமல் தொடங்கலாமா? காலையில் தலை முழுகி, சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். துளைகள் வரிசை வரிசையாக, பொட்டு வைக்கவென்றே அடையாளம் போட்டது போல இருந்தன. ஒன்றையும் விடவில்லை. (பக்தியில் நான் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை.) வெயிலில் அது சீமெந்து மாதிரிக் காய்ந்தது.

மிஸ் வெள்ளைச் சேலையில் வந்தார். குழாயில் எள்ளை நிரப்பி, ஜக்கின் பிடியை மேலும் கீழும் அடித்தேன். ஒரு சொட்டும் இல்லை.

"எண்ணெயக் காணல்லியே அண்ணன்?" குனிந்து பார்த்தார் மிஸ்.

"வரும் மிஸ். புது மெசின், கொஞ்சம் வெக்கப்படுது."

"இஞ்சாருங்க, அடிச்சது காணும், விடுங்க," என்றாள் என் மனைவி கமலா.

"நீ சும்மா இரி புள்ள!"

"பிள்ளையாரப்பா!" என்று முழுப் பலத்தோடு அமுக்கினேன். டப்! முதல் பொட்டுப் பறந்தது. பிறகு வரிசை வரிசையாக எல்லாம். எட்டுத் திக்கிலும் எண்ணெய் பீறிட்டு, மிஸ்ஸின் வெள்ளைச் சேலையை நனைத்தது. ஒரு பொட்டு மிஸ்ஸின் மூக்குக்கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டது.

பட்டறைக் கூரை என் கண்முன்னே பறந்து போனது.

மிஸ் கண்ணாடியைக் கழற்றினார். விரலில் வழிந்ததை முகர்ந்தார்.

"நல்ல எண்ணெய்தான் அண்ணன். ஒரு பக்கத்தால வந்தா இன்னும் நல்லம்."

கமலாவின் நீலச் சேலையைக் கட்டிக்கொண்டுதான் அவர் திரும்பிப் போனார். வேலை கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு: குழாயைச் சுற்றித் தகட்டு உறை போடவேண்டும்.

இன்றைக்கும் நான் அந்தத் தகட்டுக்குக் கமலாவின் சேலை நிறத்தில் நீலப் பெயின்ட்தான் அடிக்கிறேன். ஒவ்வொரு மெசின் முடியும்போதும் கமலா குசினியில் சமைத்துக்கொண்டே கேட்பாள்:

"மிஸ்ஸுக்குச் சேல உடுத்திட்டீங்களா?"

உடுத்திய பிறகுதான் பொட்டு. அதுவும் சேலையில், ஒன்றே ஒன்று.