பிரஷர் டீச்சரும் இரண்டு கிலோ உப்பும்

தஞ்சாவூர் ஜில்லாவிலேயே உப்பைக் கண்டு நடுங்கிய ஒரே ஜீவன் எங்கள் பக்கத்து வீட்டுப் பிரஷர் டீச்சர்தான். ரத்த அழுத்தம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து கருவாட்டுக் கடை இருக்கும் பக்கம்கூடப் போகமாட்டார்.

டீச்சருக்கு மணிக்கட்டில் ஆபரேஷன் நடந்தது. பெங்களூரில் இருந்த மகள் பாத்திரம் கழுவும் மிஷின் ஒன்றை வாங்கி அனுப்பினாள். கூடவே ஒரு மிரட்டல்: கிறிஸ்துமஸுக்கு வருவேன், மிஷின் ஒழுங்காக ஓடவில்லையென்றால் வீட்டைப் பூட்டிக் கையோடு உன்னை அழைத்துப் போய்விடுவேன்.

வில்லங்கம் தண்ணீரில் இருந்தது. ஆட்சி எத்தனை முறை மாறினாலும் எங்கள் தெரு போர்வெல் தண்ணீரின் சுண்ணாம்பு மட்டும் மாறியதில்லை. லுத்தரன் சபைக்காரரான டீச்சர் வீட்டுத் தட்டுகள் விபூதி பூசிக்கொண்டு வெளியே வந்தன.

மிஷினை மாட்டியவர் இரண்டு கிலோ உப்புப் பாக்கெட் கொடுத்து, அடியில் உள்ள மூடியைத் திறந்து கொட்டச் சொல்லியிருந்தார். அது தண்ணீரைத்தான் பதப்படுத்தும், தட்டில் படாது என்று நானும் தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

"ரெண்டு கிலோ தம்பி. தட்டுல ஒட்டாம வேற எங்க போகும்?"

உப்புக்குப் பதில் எலுமிச்சம்பழம் போட்டார். புது ஆற்றுக் கால்வாயிலிருந்து ஆட்டோவில் இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். தட்டுகள் விபூதியோடு சந்தனமும் பூசிக்கொண்டன.

டிசம்பர் பிறந்ததும் டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை. தினமும் காலையில் காம்பவுண்டுச் சுவரோரம் வந்து நிற்பார்.

"பெங்களூர்ல எனக்கு யாரைத் தெரியும் தம்பி? பேசக்கூட ஆள் இருக்காதே."

மகள் வரும் நாளன்று டீச்சர் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு சர்ச்சுக்குப் போனார். நான் உள்ளே போய் உப்பைக் கொட்டினேன். அவசரத்தில் கொஞ்சம் வெளியேயும் சிந்தியது. இரண்டு முறை ஓட்டினேன். டம்ளர் பளிச்சென்று வந்தது. சந்தேகத்துக்கு ஒரு தட்டை நக்கியும் பார்த்தேன், உப்புக் கரிக்கவில்லை.

மகள் டம்ளரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அம்மா இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாளாம்.

மறுநாள் காலை டீச்சர் காலிப் பாக்கெட்டோடு சண்டைக்கு வந்தார்.

"எனக்கு ஏதாவது ஆகியிருந்தா என்ன பண்ணுவீங்க?"

தப்புத்தான் என்று தலை குனிந்தேன். பிறகு உண்மையைச் சொன்னேன்: "நீங்க பெங்களூர் போயிடுவீங்களோன்னு உங்களைவிட எனக்குத்தான் பயமா இருந்துச்சு டீச்சர்."