உச்சிவேளையில் தானாக ஓடிய மெஷின்

மெஷின் தன்பாட்டில் ஓடாது. ஓடினால் அதை யாரோ ஓட்டுகிறார்கள். ஓட்டுகிற ஆளைக் கண்ணால் காண முடியாவிட்டால், அது செத்துப்போன ஆள். இந்த மூன்று படிகளையும் என் நாற்பத்து நான்காவது வயதில், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனாக, ஓ.எல். பரீட்சையில் கணிதத்தில் சித்தியடைந்தவனாக, ஒரு செக்கனுக்குள் ஏறி முடித்தவன் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். மற்றவர்கள் சொல்லித் தெரிவதைவிட நானே சொல்வது மரியாதை.

இடம், ஓர்ஸ் ஹில் குன்றுக்குக் கீழே உள்துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் ஒரு பழைய பண்டகசாலை. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். அதை மீன் வைக்கிற குளிர் அறையாக மாற்றப் போகிறார்கள். பழைய கொங்கிறீற் நிலத்தின் மேல்தோலைக் கொத்தி எடுத்து முரடாக்கினால்தான் புதிய பூச்சு பிடிக்கும். அந்தக் கொத்தும் வேலைக்குத்தான் என்னை எடுத்தார்கள். அதுவரை நான் வீடுகளுக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தேன். (பெயின்ற் பிரஷ் ஒருநாளும் தானாக எழும்பி ஓடியதில்லை. அந்தத் தொழிலின் அருமை பிறகுதான் தெரிந்தது.)

மெஷின், புல் வெட்டுகிற மெஷினைக் கொஞ்சம் கொழுக்க வைத்தது போல இருக்கும். வயிற்றுக்குள் ஓர் உருளை. உருளை முழுக்க இரும்புப் பல்லுச் சக்கரங்கள். சுவிட்சைப் போட்டால் மட்டும் ஓடாது. கைப்பிடியில் ஒரு லிவர் இருக்கும். அதைக் கையால் அழுத்திப் பிடித்திருக்கும் வரைதான் உருளை சுற்றும். சுற்றத் தொடங்கினால் பல்லுகள் நிலத்தைக் கடித்து மெஷினை முன்னுக்கு இழுக்கும். சத்தம், நாற்பது கொத்துரொட்டிக் கடைகளை ஒரு தகரக் கொட்டகைக்குள் பூட்டிவைத்த சத்தம்.

எனக்கு அதைப் பழக்கியவர் கிண்ணியா ஊர்க்காரர் நளீம் நானா. என்னைவிட ஆறு வயது மூத்தவர், அதனால் நானா, அதாவது அண்ணன். வெளிநாட்டில், கட்டாரில், இதே வேலை செய்தவர்.

"லிவர விட்டா மெஷின் நிக்கும். அது என்னத்துக்கு எண்டு தெரியுமா தம்பி?"

"கரண்ட் மிச்சம் பிடிக்க."

"நீங்க மயங்கி விழுந்தா மெஷின் உங்கட மேல ஏறாம இரிக்க."

"நான் விழமாட்டன் நானா."

"விழுந்த ஒருத்தனும் முதலே சொல்லிட்டு விழல்ல."

அடுத்த சட்டம்: பல்லுக்குக் கிட்டக் கை போவதற்கு முன் பிளக் வெளியே வர வேண்டும். "சுவிட்ச் இல்ல தம்பி. பிளக்." இதை இடது கையை ஆட்டிக்கொண்டு சொல்வார். அந்தக் கையில் நாலு விரல்தான். ஐந்தாவது கட்டாரில் நின்றுவிட்டது. மூன்றாவது சட்டம்: மோதிரம், மணிக்கூடு, நூல், ஒன்றும் கையில் இருக்கக்கூடாது. உருளை பிடித்தால் கையோடு எடுத்துவிடும்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு இருபது வருட அனுபவம், கல்யாணம் கட்டிய நாளிலிருந்து.

அந்த இடம் முதல் நாளே எனக்குப் பிடிக்கவில்லை. பக்கத்தில் ஐஸ் தொழிற்சாலை இருந்ததால், தூசு போகாதபடி ஜன்னல், வாசல் எல்லாவற்றையும் பொலித்தீனால் அடைத்திருந்தோம். கூரையில் இரண்டு கண்ணாடித் தகடுகள். அவற்றால் இறங்குகிற வெளிச்சம் பாசிபிடித்த கிணற்றுத் தண்ணீர் நிறத்தில் இருக்கும். தூசு உறிஞ்சும் மெஷினைப் போட்டதும் உள்ளே காற்று இழுபட, அத்தனை பொலித்தீனும் ஒரே நேரத்தில் உள்பக்கம் வளையும். நிறுத்தினால் மெல்ல மெல்ல வெளியே தளரும். ஒரு பெரிய நெஞ்சுக்குள் நின்று வேலை செய்கிற மாதிரி. நளீம் நானா அதைக் கவனிக்கவே மாட்டார். நான் அதைத் தவிர வேறொன்றையும் கவனிக்க மாட்டேன்.

முன்வாசலில் காவலுக்கு சூசையண்ணை. அறுபது வயது, கழுத்தில் மாதா சுரூபம், காலில் எப்போதும் செருப்பில்லை. இரண்டாம் நாள் என்னைக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, மத்தியானம் பன்னெண்டு மணிக்கு உள்ளுக்க நிக்காதையுங்கோ."

"ஏன் அண்ணை?"

"கப்பல்காரன் ஒருத்தன் நடக்கிறவன். வெள்ளை உடுப்பு. வாசலால வாறேல்லை, சுவரால வருவான்."

"நீங்கள் கண்டனீங்களோ?"

"நான் பன்னெண்டுக்குச் சாப்பிடப் போயிடுவன்."

இதைவிடப் பலமான சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

மூன்றாம் நாள் காலை. கதவைத் திறந்து உள்ளே போனால், நிலத்தில் வெறுங்கால் அடையாளங்கள். வெள்ளைத் தூசில் ஐந்து விரலும் தெளிவாக. வாசலிலிருந்து வரவில்லை. மண்டபத்தின் நட்டநடுவில் தொடங்கி, தூர மூலையில் பிளக் போடும் பெட்டி இருந்த இருட்டுக்குள் போய் முடிந்தன. திரும்பி வந்த அடி ஒன்றுகூட இல்லை. வந்தவன் இன்னும் அந்த மூலையில் நிற்கிறான் என்றுதான் நிலம் எனக்குச் சொன்னது. நளீம் நானா அந்த அடிகளுக்கு மேலாலேயே நடந்து போய்ப் பிளக்கைப் போட்டுவிட்டு வந்தார். அவருடைய சப்பாத்து அடி மட்டும் திரும்பி வந்தது.

நல்ல காலம், நான் ஆயத்தமாகத்தான் வந்திருந்தேன். கப்பல்காரனைப் பற்றி முந்தின நாள் சாம்பல்தீவில் இருக்கிற வீட்டில் சொன்னேன். என் மனுசி சுமதி கோயிலுக்குப் போய் மந்திரித்த கறுப்பு நூல் ஒரு பந்து வாங்கி வந்திருந்தாள். கையில் கட்டத்தான் தந்தாள். கையில் நூல் கூடாது என்பது நானாவின் சட்டம். நானோ சட்டத்தை மதிக்கிறவன். ஆகவே அவர் காணாத நேரம் பார்த்து நூலை மெஷினின் கைப்பிடியில் கட்டினேன். பக்தி கூடிப்போனதால் ஒரு சுற்று அல்ல, பந்து முடியும் வரை சுற்றினேன். லிவரையும் சேர்த்து.

அன்று காலை வேலை பூப்போல ஓடியது. இரண்டு நாளாக லிவரை அழுத்தி அழுத்திச் செத்துப்போன என் வலது கை, அன்று கொஞ்சமும் நோகவில்லை. அம்மாளாச்சியின் அருள் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். கண்கூடக் கலங்கியது. (தேத்தண்ணிக்கு நிறுத்தியபோது சுவிட்சால் நிறுத்தினேன். ஆகவே லிவர் திரும்பி எழும்பாததைக் காணவில்லை.)

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் கரண்ட் போனது. மெஷின் பல்லை நிலத்தில் ஊன்றியபடி நின்றது. பொலித்தீன் எல்லாம் மெல்லத் தளர்ந்து வெளியே போனது. அதற்குப் பிறகு வந்த அமைதியில், சூடான உருளை ஆறுகிற சத்தம் மட்டும். டிக். டிக். யாரோ நகத்தால் தட்டுவது போல.

நளீம் நானா வாசலில் நின்று கூப்பிட்டார். "நான் தொழுதிட்டு வாறன் தம்பி. பல்லு மழுங்கிப் போச்சு, வந்து மாத்துறன். பிளக்கக் கழட்டி வைங்க."

"ஓம் நானா."

அவர் போய்விட்டார். பிளக், அந்தக் காலடிகள் போய் முடிந்த மூலையில் இருந்தது. ஐம்பது அடி நடக்க வேண்டும். நான் இருட்டைப் பார்த்தேன். இருட்டும் என்னைப் பார்த்த மாதிரி இருந்தது. கரண்ட்தான் இல்லையே, பிளக் இருந்தால் என்ன, கழன்றால் என்ன என்று ஒரு வியாக்கியானம் மனதில் உதித்தது. வெளியே வந்து சூசையண்ணையின் கொட்டிலில் குந்திக்கொண்டேன். அன்று அவரும் சாப்பிடப் போகவில்லை. என்னை வைத்துக் கதை சொல்ல ஆசை.

கொட்டிலில் ஒரு பல்ப். அது எரிந்தால் கரண்ட் வந்துவிட்டது, ஓடிப்போய்ப் பிளக்கைக் கழட்டலாம் என்று அதிலேயே கண்ணாக இருந்தேன். அது எரியவே இல்லை. (ஆறு மாதத்துக்கு முன்பே சுட்டுப்போன பல்ப் என்பதை சூசையண்ணை பிறகுதான் சொன்னார். நான் கேட்கவில்லையாம்.)

கப்பல்காரன் கழுத்தில் கயிறு போட்ட இடத்துக்குக் கதை வந்தபோது, முன்வாசல் பொலித்தீன் ஒரு மூச்சை உள்ளே இழுத்தது.

நான் கண்டேன். சூசையண்ணையும் கண்டார். ஒரு இமைப்பொழுது ஒன்றுமில்லை. பிறகு உள்ளே நாற்பது கொத்துரொட்டிக் கடைகளும் ஒன்றாகத் திறந்தன.

மெஷின் ஓடியது. ஆள் இல்லாமல். பொலித்தீனின் கிழிசலால் எட்டிப் பார்த்தேன். தூசு உறிஞ்சும் குழாய் கழன்று, மண்டபம் முழுக்க வெள்ளைப் புகை. அந்தப் புகைக்குள் மெஷினின் முதுகு தெரிந்தது, மறைந்தது, வேறொரு இடத்தில் தெரிந்தது. அதற்கு அப்பால், மனிதர் நிற்க முடியாத உயரத்தில், தலை முதல் கால் வரை வெள்ளையாக ஓர் உருவம். இரண்டு கையையும் மேலே தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தது. வாய் திறந்து திறந்து மூடியது. சத்தம் வரவில்லை.

நான் ஓடவில்லை என்று எழுதத்தான் ஆசை. கேற் வரைக்கும் ஓடினேன். கேற்றில் சூசையண்ணை எனக்கு முன்னமே நின்றார். வெறுங்காலோடு, அறுபது வயதில்.

"கண்டனீங்களோ அண்ணை, கப்பல்காரன்."

"கண்டனான் தம்பி, கண்டனான். மாதாவே." சிலுவைக் குறி போட்ட கை நெஞ்சில் பாதியில் நின்றது. "தம்பி, நளீம் எங்கை?"

"தொழப் போனவர்."

"அவர் வந்திட்டாரெல்லே. இப்பதான், நீங்கள் பல்பைப் பாத்துக்கொண்டிருக்கேக்க, பக்கத்தால சுத்திப் பின்கதவுக்குப் போனவர். வெள்ளைச் சாரம், வெள்ளைச் சேட்டு, தொப்பி."

பேய் என்ற பயம் எவ்வளவு சுகமான பயம் என்பது அப்போதுதான் தெரிந்தது. பிளக்கைக் கழட்டி வைக்க நான் ‘ஓம்’ சொல்லியிருக்கிறேன். அவர் நம்பியிருக்கிறார். பல்லு மாற்ற வந்திருக்கிறார்.

திரும்பி ஓடினேன். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. சத்தம் நாலு சுவரிலும் மோதி எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. மெஷின் முன்னால் நிற்கிறதா, பின்னால் வருகிறதா என்று சொல்ல ஏலாது. சுவரை ஒரு கையால் தடவிக்கொண்டு அந்த மூலையை நோக்கிப் போனேன். வாயில் பிள்ளையார், மாதா, அல்லாஹ் எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்திக் கூப்பிட்டேன். ஒருமுறை காலுக்குப் பக்கத்தால் ஏதோ நெளிந்து போனது. மெஷினின் வயர். மெஷின் இழுக்க இழுக்க அது நிலத்தில் பாம்புபோல் ஓடியது.

மூலைக்கு வந்தேன். இருட்டுக்குள் இடுப்பு உயரத்தில் ஒரு சின்ன வெளிச்சம் என்னைப் பார்த்தது. கத்தினேன். கத்திக்கொண்டே பிளக்கைப் பிடுங்கினேன்.

எல்லாம் நின்றது.

அந்த வெளிச்சம், பக்கத்துத் துளையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த சூசையண்ணையின் போன். காலடிகளும் அவருடையவைதான். முந்தின நாள் மாலை, நாங்கள் வாசல் பக்கத்துப் பாதி நிலத்தின் தூசை உறிஞ்சி முடிப்பதற்கு முன்பே போனைச் சார்ஜ் போட அவர் நடந்திருக்கிறார். மீதிப் பாதியில் அடிகள் தங்கிவிட்டன. திரும்பும்போது பின்கதவால் போய்விட்டார்.

தூசு இறங்க இறங்க நளீம் நானா தெரிந்தார். பூச்சுக் கலன்களை அடுக்கிய பலகைக் கட்டின் மேல் நின்றார். மெஷின் அவருக்குக் கீழே, பலகையின் முதல் வரிசையைத் தின்றுவிட்டு நின்றது. கைத்தாங்கலாக இறக்கினேன். அவருடைய வலது கால் செருப்பைக் காணவில்லை. மெஷினைச் சரித்துப் பார்த்தபோது, பல்லுகளுக்குள் நீல ரப்பர் துருவலாக இருந்தது. பெருவிரல் நகம் பாதி போய் இரத்தம் வந்தது.

"பிளக்கக் கழட்டச் சொன்னன். ஓம் எண்டு சொன்னீங்க."

"ஓம் நானா."

"இதும் அந்த ஓமா?"

அவர் நொண்டிப் போய்க் கைப்பிடியைப் பார்த்தார். லிவரை விரலால் தட்டினார். அது அசையவில்லை.

"இது யார் கட்டின?"

"பேய் வராமல் இருக்க..."

அவர் பிளேட் எடுத்து நூலை அறுத்து, முழுவதையும் சுருட்டி என் கையில் வைத்தார். "பேய்க்குக் கை நோகும் எண்டு லிவர நீங்களே புடிச்சுக் குடுத்திருக்கீங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன். தண்ணீர்ப் போத்தலை எடுத்தார், மூடியைத் திறக்க அவருக்கு ஏலவில்லை. நான்தான் திறந்து கொடுத்தேன். பாதித் தண்ணீர் அவருடைய வெள்ளைச் சாரத்தில் போனது.

இப்போது எங்கள் வீட்டில் கரண்ட் போய் வரும்போது, தையல் மெஷினோ மிக்ஸியோ சும்மா ஒரு உறுமல் உறுமினால்கூட, சின்னவள் குசினியிலிருந்து கூப்பிடுவாள்: "அப்பா, உங்கட கப்பல்காரர் வந்திட்டார்." நளீம் நானா பெருநாளுக்கு வட்டிலப்பம் கொண்டுவந்தால் அதை மேசையில் வைப்பதற்கு முன் என்னைக் கேட்பார்: "பிளக் எங்க தம்பி?" சூசையண்ணை கதையைக் கேட்பவர்களுக்குக் கப்பல்காரன் இன்னும் சுவரால்தான் வருகிறான், இப்போது மெஷினும் ஓட்டுகிறான். சுமதியைக் கேட்டால், நானாவின் காலைக் காப்பாற்றியது அந்த நூல்தான் என்பாள். எல்லாரும் சந்தோஷமாகச் சிரிப்பார்கள். நானும்தான்.

நடந்தது இவ்வளவுதான். கரண்ட் போனது, பிளக்கைக் கழட்ட ‘ஓம்’ சொன்னேன், ஐம்பது அடி நடக்கப் பயந்து கழட்டாமல் விட்டேன். நளீம் நானா பல்லு மாற்றக் குனிவதற்கு முன் கரண்ட் வந்துவிட்டது.