பெட்டி இன்னும் வரவில்லை

"பெட்டியக் காணோமே!" என்றார் பல் டாக்டர், கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு. அவர் சட்டையிலிருந்து சொட்டிய தண்ணீர் காலடியில் குளம் கட்டியிருந்தது.

"நல்லா பாருங்க. உள் ரூம்ல வெச்சிருப்பாங்க" என்றாள் மனைவி, பல் கிடுகிடுக்க.

உள் அறையிலும் இல்லை. கட்டிலுக்கு அடியிலும் இல்லை.

இந்த நடைப்பயண விடுமுறை முழுக்க முழுக்க டாக்டரின் ஏற்பாடு. காலையில் ஒரு வீட்டிலிருந்து கிளம்பி, மலையும் வயலுமாக நடந்து, சாயங்காலம் இன்னொரு வாடகை வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். பெட்டிகளை ஒரு வேன் முன்னாலேயே கொண்டுவந்து போட்டுவிடும். சமையல் நம் பொறுப்பு. கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வெயிலடிக்கிறதே என்று மழைக்கோட்டைக் கழற்றினால் மழை கொட்டியது. போட்டுக்கொண்டால் வெயில் சிரித்தது. கடைசியில் மூடுபனி இறங்கி, முன்னால் போகிற மனைவியே தெரியாமல் போனாள். குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அது எந்தப் பனியிலும் கேட்கும்.

ஓட்டு வீடு, வாசலில் பூந்தொட்டி, தொட்டிக்கு அடியில் சாவி. ஏஜெண்ட் சொன்ன அடையாளம் அவ்வளவுதான். தொட்டிக்கு அடியில் மண்புழுதான் இருந்தது. ஆனால் கதவைத் தள்ளியதும் திறந்துகொண்டது.

"பாத்தியா? நனைஞ்சு வருவோம்னு தெறந்தே வெச்சிருக்காங்க" என்று அப்போது டாக்டர் பெருமைப்பட்டிருந்தார்.

இப்போது குளிர் எலும்பைத் தொட்டது. அலமாரியைத் திறந்தார். மடிப்புக் கலையாத துணிகள்.

"யாரோடதோ மாதிரி இருக்குங்க."

"வாடகை வீட்ல போர்வை வெக்கல? துண்டு வெக்கல? அது மாதிரி இதுவும். சும்மா எடுத்துக் கட்டு."

இருபது வருடமாக டாக்டர் பேசும்போதெல்லாம் எதிராளி வாயைத் திறந்துகொண்டு பதில் சொல்ல முடியாமல் படுத்திருப்பது வழக்கம். அதனால் தான் சொல்வது எல்லாம் சரி என்ற எண்ணம் அவருக்கு நன்றாக ஊறிப் போயிருந்தது. பிரச்சினை என்னவென்றால், அலமாரியில் இருந்தவை அத்தனையும் பெண்கள் உடை. அவர் உடம்பு நுழைந்தது ஒரே ஒரு கவுனுக்குள்தான். பெரிய பெரிய சூரியகாந்திப் பூக்கள், கழுத்தில் லேஸ்.

மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சிரிச்சது போதும். அடுப்பப் பத்த வை."

சமையலறையில் முட்டை, ரொட்டி, வெண்ணெய் எல்லாம் இருந்தன. கொல்லையில் வைக்கோல் மெத்தையில் ஒரு பூசணிக்காய், ஆட்டுக்குட்டி அளவுக்கு உட்கார்ந்திருந்தது. மழை படாமல் அதற்கென்று தனியாக ஒரு குடை வேறு கட்டியிருந்தார்கள்.

"விருந்தாளிக்குன்னு எவ்வளவு அக்கறையா வெச்சிருக்காங்க பாரு!" என்று அதை வெட்டினார் டாக்டர். சூப் கொதித்தது.

அப்போது வாசல் கதவு திறந்தது.

நனைந்த கோழிகளைப் போல இரண்டு பேர். ஒருவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். தொப்பியில் பள்ளியின் சின்னமே இருந்தது. இன்னொருத்தி அவருடைய அக்கா. அவர்கள் கண்ணில் பட்டது சூரியகாந்திக் கவுனும், மீசையும், கையில் வெட்டுக்கத்தியும்.

அக்கா போட்ட கூச்சலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"யாருய்யா நீ? எங்க வீட்ல என்ன பண்ற?" என்றார் மாஸ்டர், அக்காவின் முதுகுக்குப் பின்னால் இருந்து.

"உங்க வீடா? ஓட்டு வீடு, பூந்தொட்டி, தொட்டிக்கு அடியில சாவி. ஏஜெண்ட் எங்களுக்குக் குடுத்தது!"

"எங்களுக்கும் அதத்தான் சொன்னான்! சாவி எங்க?"

"சாவி இல்ல. கதவு தெறந்திருந்துச்சு."

"அப்போ பூட்ட ஒடச்சிருக்கீங்க!"

"டேய், அவரு போட்டிருக்கிறது பொம்பள டிரஸ்ஸுடா" என்றாள் அக்கா, மூச்சு வாங்க.

"அது வேற விஷயம்" என்றார் டாக்டர், லேஸைச் சரிசெய்துகொண்டே.

ஏஜெண்டையே கேட்டுவிடலாம் என்று முடிவானது. செல்போனில் சிக்னல் இல்லை. ஜன்னல் உயரத்தில் கிடைக்கும் என்று மாஸ்டர் ஒரு ஸ்டூலில் ஏறினார். ஸ்டூலின் கால் முறிந்தது. மாஸ்டர் திரைச்சீலையைப் பிடித்தார். திரைச்சீலை, அதன் கம்பி, கம்பி மாட்டியிருந்த சுவரின் காரை எல்லாம் அவரோடு இறங்கி வந்தன.

அவரைத் தூக்கி நிறுத்தும் கலவரத்தில் சூப் அடிப்பிடித்தது. புகையை வெளியேற்ற மனைவி எல்லா ஜன்னலையும் திறந்தாள். அதற்காகவே காத்திருந்தது போல மழை சாய்ந்தடித்து மெத்தை வரை நனைத்தது. நனைந்ததைக் காயவைக்க வேண்டுமே என்று டாக்டர் ஸ்டூலை முழுசாக உடைத்துக் கணப்பில் போட்டார்.

"எப்படியும் ஒடஞ்ச ஸ்டூல்தானே" என்று மாஸ்டரும் ஒத்துக்கொண்டார்.

தீ எரிய எரிய இரு தரப்புக்கும் கோபம் ஆறியது. அக்காவுக்கும் அலமாரியிலிருந்து ஒரு சேலை கிடைத்தது.

"ஒரே வீட்ட ரெண்டு பேருக்குக் குடுத்திருக்கான் சார் அந்த ஏஜெண்ட்!" என்று தொடையில் தட்டினார் மாஸ்டர்.

"மோசடி! நாளைக்கே அவனக் கிழிச்சுடறேன்."

"இப்போதைக்கு ஆளுக்குப் பாதி. சண்ட எதுக்கு?"

கூடத்தைப் பாதியாகத் தடுக்க அலமாரியை இழுத்தார்கள். நடுவழியில் அதன் ஒரு கதவு கழன்று விழுந்தது. "பழைய சாமான்" என்று நால்வரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள்.

அந்த நேரத்தில்தான் வாசலில் யாரோ நிற்பது தெரிந்தது. மழைக்கோட்டும் ரப்பர் பூட்ஸும் போட்ட ஒரு அம்மாள், கையில் கூடையோடு. வாய் பிளந்தது பிளந்தபடி நின்றிருந்தார். கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை இருப்பதை டாக்டர் அங்கிருந்தே கவனித்துவிட்டார்.

"அடப்பாவி! மூணாவது பார்ட்டிக்குமா குடுத்திருக்கான்?" என்றார் மாஸ்டர்.

அந்த அம்மாளின் கண் திரைச்சீலைக்குப் போனது. கணப்புக்குப் போனது. கழன்ற கதவுக்குப் போனது. டாக்டரின் கவுனில் வந்து நின்றது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"பாவம், அதிர்ச்சியில பேச்சே வரல" என்று அக்கா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள். "உள்ள வாங்கம்மா, கூச்சப்படாதீங்க. எங்களுக்கும் மொதல்ல இப்படித்தான் தூக்கிவாரிப் போட்டுச்சு. நாலு பேரோட அஞ்சாவது ஆளா இருந்துட்டுப் போங்க."

மனைவி துண்டை எடுத்து அவர் தலையைத் துவட்டினாள். மாஸ்டர் நல்ல நாற்காலியைத் தட்டிப் போட்டார். டாக்டர் அடிப்பிடிக்காத பகுதியாகப் பார்த்து ஒரு கிண்ணம் சூப் கொண்டுவந்தார்.

"சாப்பிடுங்கம்மா. கொல்லையில இருந்த பூசணிக்கா. அதோ பாருங்க தோலு, என்னா சைஸு!"

அந்த அம்மாள் தோலைப் பார்த்தார். வாய்க்குப் போன கரண்டி பாதியில் நின்றது. கண்ணில் நீர் திரண்டது.

"அழாதீங்க" என்றாள் மனைவி. "ஊருக்குப் போனதும் எல்லாருமாச் சேர்ந்து கேஸ் போடலாம்."

"உங்களுக்கும் இந்த வீடுதான்னு சொன்னாங்களா?" என்று கேட்டார் டாக்டர், நோயாளியிடம் பேசுகிற கனிவோடு.

அந்த அம்மாள் ஆமாவா இல்லையா என்று தெரியாதபடி மெதுவாகத் தலையசைத்தார்.

"பாத்தீங்களா! எத்தன நாளைக்கு எடுத்திருக்கீங்க?"

அந்த அம்மாள் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார். முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"வாடகை வீடுங்க ரெண்டும் அடுத்த மேட்டுல இருக்கு. நான் பொறந்ததே இந்த வீட்லதாங்க."